நாலு மணி அலாரம்

"நேத்துச் சாயந்தரம் அஞ்சு மணிக்கு எழுப்பப் போனேன். கூப்புட்டேன், எந்திரிக்கல. லைட்டப் போட்டுப் பாத்தா வாயி ஒரு பக்கமா இழுத்துக் கெடக்கு..." என்று பூங்கோதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அபிராமத்துச் சனம் வேனில் வந்து இறங்கிவிட்டது. கட்டிப்பிடித்திருந்த கமுதிக்காரியை விட்டுவிட்டு வந்தவர்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை கொஞ்சம் ஓய்ந்து மூக்கைச் சிந்தியதும் அவர்களும் அதையேதான் கேட்டார்கள்.

"எப்படித்தா ஆச்சு?"

மறுபடியும் அஞ்சு மணியிலிருந்து ஆரம்பித்தாள்.

இழவு வீட்டில் இது ஒரு தனி வேலை. வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். முந்தின நாள் கூடவே நின்று பார்த்தவர்கூட மறுநாள் மாலையோடு வந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி எப்படி ஆச்சு என்று கேட்பார். சொல்லாமல் இருந்தால் குற்றம். விடிந்ததிலிருந்து முப்பது தடவையாவது சொல்லியிருப்பாள். சொல்லிச் சொல்லி வார்த்தைகள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. அவள் பக்கத்தில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் அவள் புருசன் செல்லச்சாமி கிடந்தார். ஐம்பத்து மூன்று வயது. மூன்று ஏக்கர் குண்டு மிளகாய் போட்டு, ரெண்டு பறிப்பு எடுத்து, மூன்றாம் பறிப்புக்கு ஆள் சொல்லி வைத்திருந்த மனிதர்.

அவருடைய தம்பி மூக்கையா அவள் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார். "மதினி ஒரு நிமிசம் தாமதிக்கல. அஞ்சுக்குப் பாத்துச்சு. டீக்கடைப் பாண்டித்துரை வண்டியில போட்டு அஞ்சரைக்குக் கமுதி ஆசுபத்திரி. மூளையில ரத்தக்கொழா வெடிச்சிருச்சாம். சுருக்கா கொண்டாந்துட்டீகம்மான்னு டாக்டரே சொன்னாரு. அதுக்கு மேல யாரு என்ன பண்றது? ஆறு அஞ்சுக்கு முடிஞ்சிருச்சு."

"பூங்கோதைய மாதிரி ஒரு பொம்பள யாருக்கு வாய்ப்பா?" என்றார் ஒரு பெரியவர்.

பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். துக்கம்கூட இன்னும் அவளிடம் முழுசாக வந்து சேரவில்லை. அவளைப் பிடுங்கித் தின்றது வெட்கம். அவள் அவரை எழுப்பப் போனது அஞ்சு மணிக்கு இல்லை, நாலு மணிக்கு.

அது தெரிந்த இன்னொருத்தி சுவரோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள், பங்காளி முறையில் பூங்கோதைக்கு மூத்தவள், செல்லச்சாமிக்கு மதினி. சுற்றுப்பட்டி பத்து ஊரில் எந்தச் சாவு என்றாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் முன்னால் உட்கார வைப்பார்கள். இன்றைக்குச் சொந்தக் கொழுந்தன் கிடக்கிறான், அவள் வாயைத் திறக்கவில்லை. "பஞ்சம்மாளுக்கே தொண்ட அடைச்சிருச்சு பாரு" என்று சனம் பேசிக்கொண்டது.

எல்லாம் மாசி மாதத்தில் ஒரு குசும்பில் ஆரம்பித்தது.

முதல் பறிப்பு நடந்த நேரம். நாலு நாளாக விடிவதற்கு முன்னாலேயே எழுந்து ஓடிய மனிதர், அன்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் ஆறரை வரை அசையவே இல்லை. சூரியன் இறங்கி, வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. காலையா மாலையா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் பூங்கோதைக்கு வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது.

"ஏங்க, எந்திரிங்க. விடிஞ்சு போச்சு."

"என்னது?"

"நேத்து மத்தியானம் படுத்தது. ராத்திரிச் சோத்துக்கு எத்தன தடவ எழுப்புறது? பொணமாட்டம் கெடக்கீக."

செல்லச்சாமி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "அட கூறு கெட்டவளே, தண்ணியத் தெளிச்சாவது எழுப்பியிருக்கக் கூடாதா? களத்துல மொளகாப் பழம் கெடக்கே!" என்று குழாயடியில் பேஸ்டு வைத்துப் பல் விளக்கினார். காப்பியைக்கூட நின்றபடிதான் குடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்த்த களத்துக்கு ஓடினார்.

மிளகாய்க் களத்தில் காலையில் பரத்த வேண்டும், சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். பனி இறங்கினால் வத்தல் வெளுத்துப்போகும், யாவாரி கையால் தொட மாட்டான். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பூங்கோதையும் நாலு பெண்களும் குவித்து மூடிவிட்டு வந்திருந்தார்கள். செல்லச்சாமி போய்க் கல்லை எல்லாம் தள்ளி, தார்ப்பாயை உருவி, அத்தனை பழத்தையும் காலால் தள்ளித் தள்ளிப் பரத்தினார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு களத்து முக்கில் இருந்த பாண்டித்துரை கடைக்குப் போனார்.

"என்னடா பாண்டி, காலங்காத்தாலயே உளுந்த வடை போட்டுட்ட?"

"காலங்காத்தாலயா? யண்ணே, என்னண்ணே சொல்றீக?"

அதற்குள் இருட்டிவிட்டது. வேலி மறைவில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் ஊர் நாய்கள் எல்லாம் குரைத்தன. டார்ச் வெளிச்சத்தில் மறுபடி குவித்து முடிக்கும் வரை பூங்கோதை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருசத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. மதுரையில் நர்ஸ் வேலை பார்க்கிற மகள் முருகலட்சுமிக்கு அன்றைக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவர் காதுபடவே முழுக்கதையும் சொன்னாள். மகளும் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

ஆனால் ஊர் விடவில்லை. டீக்கடைக்குப் போனால் "விடிஞ்சிருச்சாண்ணே?" பஸ் ஏறினால் "மாமா, இது காலை பஸ்ஸா சாயந்தர பஸ்ஸா?" ஒரு வாரம் சிரித்துச் சமாளித்தவர் பிறகு டீக்கடைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். கமுதிக்குப் போய் செல்போன் கடைக்காரனிடம் கொடுத்து, தன் பட்டன் போனில் தினமும் சாயங்காலம் நாலு மணிக்குச் சேவல் கூவுகிற மாதிரி அலாரம் வைத்து வாங்கி வந்தார்.

"இனிமே ஒன் வாய நம்பி நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. "ஒருநா நீயி எழுப்பு எழுப்புன்னு எழுப்பணும், நான் அசையப் போறதில்ல. அன்னைக்குத் தெரியும் ஒனக்கு."

சொன்னதைப் போன வாரம் செய்தும் காட்டினார். சேவல் கூவியும் எழாமல், அவள் உலுக்கியும் எழாமல், வேண்டுமென்றே கரடுமுரடாகக் குறட்டை விட்டார். பத்து நிமிசம் தாக்குப்பிடித்தவர், அவள் செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றியதும்தான் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

"அம்மா."

முருகலட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ராத்திரியே பஸ் பிடித்து வந்தவள், அழுது முடித்துவிட்டு விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்தாள். சாமியானா, ஐஸ் பெட்டி, வந்தவர்களுக்குத் தண்ணீர் என்று எல்லாம் அவள் தலையில்தான் விழுந்திருந்தது.

"அய்யா போனு எங்கம்மா? அதுலதான் யாவாரிக நம்பரு, கீழக்கரைக் கூட்டாளிக நம்பரு எல்லாம் இருக்கு. அடிச்சுப் பாத்தா ஸ்விட்ச் ஆஃப்னு வருது."

"தெரியலயேத்தா."

"ஆசுபத்திரிக்குப் போகயில சட்டைப் பையில இருந்துச்சா?"

"நான் எங்கிட்டு பாத்தேன்."

முருகலட்சுமி அம்மாவின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "நீ எதுவும் சாப்பிடல. டீயாவது குடி. நான் ஒன்னு சொல்றேன், கேட்டுக்க. இது சொல்லிக்கிட்டு வர்ற நோயில்ல. ஒரு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா மதுரைக்குக் கொண்டு போயிருக்கலாம், ஆப்பரேசனுக்கு வழி இருந்திருக்கும். ஆனா ஒனக்கு எப்படிம்மா தெரியும்? அவரு தூங்குறாருன்னுதான எல்லாரும் நெனப்பாக. தெரிஞ்ச ஒடனே தூக்கிட்டு ஓடியிருக்க. மனசுல ஒன்னும் வச்சுக்காத."

ஒரு மணி நேரம். அதை மகள் வாயால் கேட்டதும் பூங்கோதை டீத் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டாள். எதிர்ச் சுவரோரத்தில் பஞ்சம்மாளின் முக்காடு இன்னும் கீழே இறங்கியது.

நேற்று நாலு மணிக்குச் சேவல் கூவியபோது பூங்கோதை அடுப்படியில் இருந்தாள். கூவிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் காதுக்குப் பக்கத்தில் போன் கத்துகிறது, மனிதர் மல்லாந்து படுத்து வீடு அதிரக் குறட்டை விடுகிறார்.

"ஏங்க... நாலு மணியாச்சு." குறட்டை நிற்கவில்லை. "ஓகோ, ஆரம்பிச்சாச்சா? நடிங்க, நடிங்க."

அந்த நேரம் பார்த்துப் பஞ்சம்மாள் சாக்கு தைக்கிற ஊசி கேட்டு வந்தாள். விசயத்தைச் சொன்னதும் அவளும் உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தாள். மதினி முறைக்காரிக்கு உரிமை உண்டு. கொழுந்தனின் உள்ளங்காலில் விரலை வைத்துக் கிச்சுகிச்சு மூட்டினாள். கட்டை விரல் லேசாக அசைந்தது.

"பாரு, வெரலு ஆடுது. முழிச்சுத்தான் கெடக்காக ஒம் புருசன்."

"இருக்கட்டும் அக்கா. இன்னைக்குத் தண்ணி ஊத்தப் போறதில்ல. வேற வச்சிருக்கேன்."

பூங்கோதை போனை அமர்த்தி, அமர்த்தியதும் போதாதென்று ஸ்விட்ச் ஆஃப் பண்ணி, அடுப்படியில் துவரம்பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். ஜன்னலில் கறுப்புக் கம்பளியை விரித்து ஆணியில் மாட்டினாள். கதவையும் சாத்தினாள். நடித்து அலுத்து அவராகக் கண்ணைத் திறக்கும்போது கும்மிருட்டாக இருக்க வேண்டும். மணி பார்க்கப் போனைத் தேடினால் போன் இருக்கக் கூடாது. ராத்திரி எட்டு மணி என்று சொல்லி, களத்தில் பழம் குவிக்காமல் கிடக்கிறது என்று பதறி ஓட விட வேண்டும். ரெண்டு பேரும் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாக்குத் தைத்தார்கள். உள்ளே குறட்டை ஏறும்போதெல்லாம் பஞ்சம்மாள், "எம்மாடி, என்னா நடிப்பு! சினிமாவுக்குப் போகலாம்" என்பாள். பூங்கோதைக்குச் சிரிப்பில் ஊசிக்குள் நூல் போகாது.

ரொம்ப நேரம் கழித்துக் குறட்டை இறங்கி இறங்கி நின்றுவிட்டது.

"தோத்துட்டாக" என்றாள் பஞ்சம்மாள். "போ, போயிச் சொல்லு."

பூங்கோதை சிரிப்பை அடக்கிக்கொண்டு இருட்டுக்குள் போனாள். "ஏங்க, எட்டு மணி ஆச்சு. ராத்திரிச் சோறு திங்க எந்திரிங்க" என்றாள். அதுதான் அவள் அவரிடம் கடைசியாகச் சொன்னது. லைட்டைப் போட்டபோது தலையணை நனைந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் அஞ்சு பத்து.

டாக்டர், "எப்ப இருந்தும்மா இப்படி?" என்று கேட்டபோது பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. "இப்பத்தான், அஞ்சு மணிக்கு" என்று வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு திருத்துவதற்கு அவகாசம் இருந்தது. பக்கத்தில் மூக்கையா நின்றார், பாண்டித்துரை நின்றார், அவள் திருத்தவில்லை.

மத்தியானம் அவளுடைய அண்ணன் மலையாண்டி பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தார். அவருக்கும் அஞ்சு மணி. ஒவ்வொரு தடவை அஞ்சு என்று சொல்லும்போதும் அடுப்படிப் பக்கம் அவள் கண் போய்த் திரும்பியது. இழவு வீட்டில் அடுப்பு எரியாது, அந்தக் கதவு சாத்திக் கிடந்தது. எழுந்து போய் அந்த டப்பாவை மட்டும் எடுத்துவிட்டால் போதும். ஆனால் அவள் லேசாக அசைந்தாலே ரெண்டு பக்கமும் நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

மூன்றரைக்குக் குளிப்பாட்டும் தண்ணீரோடு நீர்மாலை வந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்து, குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பூ ஜோடித்த பாடைத் தேரில் ஏற்றினார்கள். கொள்ளிச் சட்டியோடு மூக்கையா முன்னால் நின்றார். "பாக்குறவுக எல்லாம் கடைசியா மொகம் பாத்துக்கங்க. தூக்கப் போறோம்" என்றார். மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒரு நிமிசம் சத்தமே இல்லை.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து சேவல் கூவியது.

பட்டன் போன்களுக்கு ஒரு குணம் உண்டு. அணைத்து வைத்தாலும் அலாரம் நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். பூங்கோதைக்கு அது தெரியாது. தகரத்துக்குள்ளிருந்து அடைத்த குரலில் கொக்கரக்கோ என்றது, நிறுத்தி, மறுபடி கொக்கரக்கோ என்றது.

"யாரு வீட்டுச் சேவலு உள்ள போயிருச்சு?" என்றார் ஒருவர். மூக்கையா மட்டும் திரும்பிப் பார்த்தார். "அண்ணன் அலாரமுல்ல அது?" என்றவர் துண்டை வாயில் வைத்து ஓவென்று அழுதார்.

முருகலட்சுமி உள்ளே போனாள். டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மூடியாகப் பூங்கோதை எண்ணினாள். அரிசி, உளுந்து, கடலை. கூவல் நின்றது. மகள் வெளியே வந்தபோது கையில் போன் இருந்தது. பட்டன்களுக்கு நடுவில் ரெண்டு துவரம்பருப்பு ஒட்டியிருந்தது. அவள் அம்மாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"இது எப்படிம்மா பருப்பு டப்பாவுக்குள்ள வந்துச்சு?"

தெரியலயேத்தா என்று சொல்லிவிடலாம். மகள் அதையும் நம்புவாள். இதுவரை நம்பியவள்தானே. பூங்கோதை தேரில் இருந்த முகத்தைப் பார்த்தாள். வாய் இழுத்துக்கொண்டிருந்த பக்கத்தைத் துணி வைத்துக் கட்டி நேராக்கியிருந்தார்கள்.

"நாந்தான் போட்டேன்."

"எப்ப?"

"நேத்து. இந்தச் சேவலு கூவுனப்ப."

முருகலட்சுமி போனைப் பார்த்தாள். நாலு ஒன்று. "நாலு மணிக்கா? அப்ப அய்யா எப்படி இருந்தாரு?"

"கொறட்ட விட்டாக. அன்னைக்கு மாதிரி நடிக்கிறாகன்னு... அஞ்சு பத்துக்குத்தான் லைட்டப் போட்டேன்."

நர்ஸ் பிள்ளைக்கு அந்தக் குறட்டை என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பூங்கோதையின் தோளில் இருந்த அவள் கை அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

சுவரோரத்திலிருந்து பஞ்சம்மாளின் குரல் வந்தது. விடிந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. "நானுந்தான் இருந்தேன் ஆத்தா."

"நேரமாகுது. தூக்குங்கப்பா" என்றார் மூக்கையா. மேளம் மறுபடி முழங்கியது. பெண்கள் தெருமுக்கு வரை ஓடினார்கள். பஞ்சம்மாள் ஓடவில்லை. பூங்கோதையைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் வந்தார்கள், மகள் வரவில்லை.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரத் தலையோடு வெறுந்தரையில் சுருண்டவளுக்கு எப்போது கண் அசந்தது என்று தெரியவில்லை.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் மட்டும் இருந்தது, சூரியன் இல்லை. வீட்டில் யார் குரலும் கேட்கவில்லை. ஒரு ராத்திரி போய்விட்டது போல இருந்தது, ரெண்டு நாள்கூடப் போயிருக்கலாம். போயிருந்தால் தேவலை என்று நினைத்தாள். வாசற்படியில் முருகலட்சுமி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"விடிஞ்சிருச்சா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகள் திரும்பவில்லை.

"இல்ல. இன்னைக்குத்தான். சாயந்தரம் ஆறரை."

"எம்புட்டு நேரம் தூங்குனேன்?"

முருகலட்சுமி மடியில் இருந்த அய்யாவின் போனைத் தூக்கிப் பார்த்தாள். பார்ப்பதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஒரு மணி நேரம்" என்றாள். பிறகு, "ஒரு மணி பத்து நிமிசம்."

பூங்கோதை சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் ஒரு தம்ளரில் காப்பி மூடி வைத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள், இன்னும் சூடு இருந்தது. குடிக்கவில்லை.

மகளின் தோளுக்கு மேலாக எதிர்த்த களம் தெரிந்தது. நேற்றுக் குவிக்காமல் விட்ட பழம் ஒரு ராத்திரிப் பனியையும் ஒரு பகல் வெயிலையும் தின்று, அங்கங்கே வெளுத்துக் கிடந்தது. பஞ்சம்மாள் ஒருத்தியாக அதைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாயை இழுத்துப் போட்டாள். ஒரு மூலையைப் பிடித்தால் மறு மூலை காற்றில் எழும்பியது. ரெண்டு மூன்று தடவை சுற்றிச் சுற்றி ஓடி மூன்று மூலைக்கும் கல் வைத்தாள். நாலாவதற்குக் கல் கிடைக்கவில்லை போல. இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், யாரையும் கூப்பிடவில்லை. அந்த மூலையின் மேல் அவளே உட்கார்ந்துகொண்டாள்.